ருசி பார்த்த ஃபிட்டர்

அவர் எங்கள் மில்லின் பம்ப் ஃபிட்டர். குள்ளமான ஆள், கிரீஸ் ஏறிய காக்கிச் சட்டை. எந்தப் பம்பை மாட்டினாலும் முதலில் அதன் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் துணி டிசைன் போட்ட கம்ப்யூட்டரின் பிராசசர் மதியமானால் கொதித்து நின்றுவிடும். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று, அதை விற்ற கம்பெனியின் இன்ஜினியர் முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஃபிட்டர்தான் ஒரு செம்புப் பெட்டி செய்து பிராசசர்மேல் பொருத்தி, சின்ன மோட்டாரால் அதற்குள் வாளித் தண்ணீரை ஓடவிட்டார். அதற்கும் உப்பே இல்லாத சிறுவாணிக் குடிதண்ணீரை ருசி பார்த்துத்தான் ஊற்றினார்.

"கம்ப்யூட்டருக்கு ருசி பாக்கறாரு பாருங்க, சமையக்காரர்!" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார் இன்ஜினியர். ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்தார்.

அதன்பின் கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. மறுமாதம் அதே இன்ஜினியர் வந்து பெட்டியை அளவெடுத்துப்போய், தன் யோசனை என்று நான்கு மில்லில் மாட்டினார். நான்கிலும் போர் தண்ணீர். கோடைக்குள் உப்புப் படிந்து குழாய்கள் அடைத்து, நான்கு பிராசசர்களும் தீய்ந்துபோயின.

இன்ஜினியர் ஃபிட்டரிடம் ஓடி வந்தார். "ஏனுங்க, தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"சமையக்காரன் ருசி இன்ஜினியருக்கு எதுக்குங்க? உக்காருங்க, டீ சொல்றேனுங்க."

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. அவரால் அது எப்படி முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் போர் தண்ணீர் ஆகாது என்பது எனக்கும் முன்பே தெரியும். அன்று அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான்தான்.