அரை மூடி கறுப்பு

மலையடிப்பட்டியில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அய்யம்மாளுடையது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவள் என் வாசல்படி ஏறியது ஒரே ஒரு முறை. 2024 ஜனவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி.

அவள் தேவதானத்தில் பிறந்தவள். 1985இல், பத்தொன்பது வயதில், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். முப்பத்தோரு ஆண்டுகள் நின்றபடியே வேலை செய்தாள். கணவர் குருசாமி 2003இல் இறந்துபோனார். ஒரே மகன் விக்னேஷ்வரனை அந்த ஆலைச் சம்பளத்திலேயே படிக்க வைத்தாள்.

அதே ஆலையில் நான் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்று எழுத வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தையும் எழுத வேண்டும். பிரிவுக்கு இரண்டு தகர வில்லைகள் மேஜையில் இருக்கும். வில்லையை எடுத்துக்கொண்டுதான் போகலாம். இரண்டும் வெளியே போயிருந்தால் ஒன்று திரும்பும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எட்டு நிமிடத்துக்கு மேலானால் பெயர் நோட்டில் ஏறும். ஒரே மாதத்தில் மூன்று முறை ஏறினால் ஒரு நாள் வேலை கிடையாது.

அய்யம்மாள் பெயர் முப்பத்தேழு முறை ஏறியிருக்கிறது. நான் எழுதியதில் ஒரு நிமிடம்கூடத் தவறில்லை. 1998இல் ஒரு நாள் அவள் வில்லையை வடிகாலில் போட்டுவிட்டு வந்து, தொலைந்துபோய்விட்டது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதினேன். தெருவில் எல்லோரும் என்னை அண்ணாச்சி என்பார்கள். அவள் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

அவள் வீட்டில் குளியலறை என்று ஒன்று கிடையாது. பின்பக்கம் மூன்று புறமும் தகரம், நான்காவது புறம் பழைய சேலை. அதற்குள்தான் எல்லோரும் குளித்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்து, 2023 கார்த்திகையில் ஆறடிக்கு ஐந்தடியில் ஓர் அறை கட்டினாள். இடுப்பளவுக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் பெயிண்ட். கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு, ஒருவரும் தட்டாமல் குளிக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. இதைப் பலரிடமும் சொல்லியிருக்கிறாள், என்னைத் தவிர.

என்ன நிறம் என்று மகன் கேட்டபோது, பளிச்சென்று இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, மம்சாபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டாள். விக்னேஷ்வரனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலை. அவனும் அவன் மனைவி பாண்டிசெல்வியும் செல்போனில் படங்களைப் பார்த்து இளம்பச்சை என்று முடிவு செய்தார்கள். பெயிண்ட் அடிக்கப் பால்ச்சாமியைக் கூப்பிட்டார்கள். பால்ச்சாமி எங்கள் ஆலையிலேயே பெயிண்டராக இருந்தவர். நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டைத் திறக்கமாட்டார். ஒரு வாளி வெள்ளையை வாங்கி, நிறம் சேர்க்கும் ஸ்டெய்னர் குப்பிகளிலிருந்து மூடி மூடியாக ஊற்றிக் கையாலேயே கலப்பார்.

ஆறாம் தேதி சனிக்கிழமை அய்யம்மாள் திரும்பி வந்தாள். குளியலறைக் கதவைத் திறந்தாள், உடனே சாத்தினாள். இது மில்லுக் கக்கூஸ் பச்சை, இதற்குள் கால் வைக்கமாட்டேன் என்றாள். அன்றும் மறுநாளும் சேலை மறைப்பிலேயே குளித்தாள்.

நடந்த சண்டை எங்கள் சுவர் தாண்டிக் கேட்டது. ஊரில் உள்ள பச்சையெல்லாம் மில்லுப் பச்சையா என்று மகன் கத்தினான். பாண்டிசெல்விக்கு அது தன்மேல் சொன்ன குற்றமாகவே பட்டது.

"நான் புடிச்ச கலருல்ல, அதான் அத்தைக்குக் கக்கூஸாத் தெரியுது. இதே அவிய மக புடிச்சிருந்தா மணக்கும்."

"எனக்கு மக இல்லட்டி. இருந்தா கண்ணு தெரிஞ்சவளா இருந்திருப்பா."

பால்ச்சாமியை வரவழைத்துக் கேட்டார்கள். நாற்பது வருடத் தொழிலில் தன்னை இப்படி யாரும் பேசியதில்லை, இது பிஸ்தா நிறம் என்று அவர் சத்தியம் செய்தார். அய்யம்மாளுக்கு வயதாகிவிட்டது, பழசைப் பிடித்துத் தொங்குகிறாள் என்று மூவரும் முடிவு கட்டினார்கள். திங்கட்கிழமை மகன் கடைசியாகச் சொன்னான். மறுபடி பெயிண்ட் அடிக்க முடியாது, பொங்கலுக்கு முந்தின நாள் தகரத்தைப் பிரித்துவிடுவேன், பிறகு எங்கே குளிப்பாய் என்று பார்ப்போம்.

மறுநாள் காலையில்தான் அவள் என் படியேறினாள். நான் ஓய்வுபெற்றபோது, ஆலையில் எரிக்கச் சொன்ன நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது தெருவுக்கே தெரியும்.

"பெயிண்ட் அடிச்ச வெவரமும் உங்க நோட்டுல இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஆலையில் நடந்த பராமரிப்பு வேலைகளையும், அதற்கு ஆன சரக்கையும் எழுதுவது என் பொறுப்புதான்.

"எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கு வாசிக்க வேண்டாம். அங்க வந்து வாசிங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தேடி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை படியிலேயே நின்றாள்.

அவள் வீட்டுப் பின்பக்கத்தில் மகனும் மருமகளும் இருந்தார்கள். பால்ச்சாமியையும் வரச் சொல்லியிருந்தாள். நான் வாசித்தேன். 1991 ஆகஸ்ட் 19, திங்கள். பெண்கள் கழிப்பறை. பெயிண்டர் பால்ச்சாமி. ஒரு வாளி வெள்ளைக்குப் பச்சை மூன்று மூடி, மஞ்சள் ஒரு மூடி, கறுப்பு அரை மூடி. கறுப்பு சேர்ப்பது மேலாளர் உத்தரவு. நிறம் பளிச்சென்று இருந்தால் பெண்கள் உள்ளே நின்று பேசுவார்கள்.

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு பால்ச்சாமியிடம் திரும்பினாள்.

"இங்க என்ன ஊத்துனீக?"

"பச்சை மூணு. மஞ்சள் ஒண்ணு."

"கறுப்பு?"

அவர் மூலையில் கிடந்த மீதிப் பெயிண்ட் வாளியைப் பார்த்தார். "கறுப்பு இல்லாம நான் பச்சை கலந்ததே இல்லத்தா. கை தானா ஊத்திருச்சு."

பாண்டிசெல்வி வீட்டுக்குள் போய்விட்டாள். விக்னேஷ்வரன் மட்டும் விடவில்லை. அதே பச்சையாகவே இருந்தாலும், ஒரு நிறத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றான். அய்யம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"தொண்ணூத்திநாலு மார்ச்சுல என்ன எழுதுனீங்கன்னு இவன்கிட்ட சொல்லுங்க."

அந்த நோட்டு கையில் இல்லை. ஆனாலும் நினைவிருந்தது. மார்ச் 14, இருபத்துமூன்று நிமிடம். அந்தப் பிரிவில் அதைவிட நீண்ட நேரம் வேறு யார் பெயரிலும் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் கோடு போட்டிருந்தேன்.

"அந்த இருவத்திமூணு நிமிசமும் இந்தப் பச்சையப் பாத்துக்கிட்டுத்தான்லே வாந்தி எடுத்தேன். வயித்துல மூணு மாசம் நீ."

அவன் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நோட்டை மூடினேன். காரணம் கேட்பது டைம் கீப்பர் வேலையில்லை, மேஸ்திரி சொன்னால்தான் எழுதுவேன் என்று சொன்னேன். அது உண்மை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வாசிச்சாச்சுல்ல, கெளம்புங்க."

அன்று பிற்பகல் மகன் அவளைப் பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனான். பெயிண்ட் கடையின் டியூப்லைட்டை நம்பாமல் ஷேடு கார்டைத் தெருவுக்கு எடுத்துவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாளாம். கடைக்காரர் எரிந்து விழுந்தாராம். விழட்டும், குளிக்கப் போவது அவரா என்று கேட்டாளாம். இயந்திரத்தில் கலந்த வாளியோடு திரும்பினாள். பால்ச்சாமியே அடிக்க வந்தார். அவருடைய கறுப்புக் குப்பியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வேலை முடியும்வரை வாசலில் நின்றாள்.

பன்னிரண்டாம் தேதி தகரத்தை அவளே பிரித்தாள்.

என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. பால்ச்சாமியிடம் கேட்டேன். நோட்டு வைத்திருக்கிற ஆளிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவாம். குளியலறை ஜன்னல் என் வீட்டைப் பார்த்து இருக்கிறது. அதன் கண்ணாடியில் அய்யம்மாள் உட்புறமாகக் காகிதம் ஒட்டிவிட்டாள்.