அந்த ஏரிக்கரையில் என்ன இருக்கு, பாய்?

போன சனிக்கிழமை, டப்ளினில் (அயர்லாந்து டப்ளின் இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிறது) ஒரு வீட்டில், என் குடும்பத்தின் இத்தாலிப் பயணம் முடிவு செய்யப்பட்டது. நானும் அங்கேதான் இருந்தேன். ஓரமாக. கையில் பாயசக் கிண்ணத்தோடு.

வீடு சுந்தர் சாருடையது. அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் மில்பிடாஸில் இருக்கிற என் சமையல் கூடத்திலிருந்துதான் சாப்பாடு போகும். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை... இத்தாலிக்கு ஒரு தடவை போய் வந்துவிட்டார்.

ஒரு ஊருக்குப் பத்துத் தடவை போனவரைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு அவ்வளவா தெரியாதுங்க" என்று நழுவிவிடுவார். ஒரே ஒரு தடவை போனவர் இருக்கிறாரே — அவரிடம் மாட்டினால் தீர்ந்தது. அந்த நாட்டை அவரே கட்டி, அவரே பெயின்ட் அடித்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்ததுபோலப் பேசுவார்.

"இத்தாலியா? ஏன் பாய் முன்னாடியே சொல்லல? சாப்பிட வாங்க, ப்ளான் பண்ணிடலாம்" என்றார். போனோம். சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவியில் இத்தாலி வரைபடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த நாடு பூட்ஸ் வடிவில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, எங்களுக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரம்மா ஓடுகிறார்.

அவருக்கு வேலை ஒரு டேகேரில். நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடுவார். இரண்டு வருடம் முன்பு, எந்தப் பிள்ளையும் இல்லாமல் தனியாக ஓட ஆரம்பித்தார். முழுக்கைச் சட்டை, இறுக்கிக் குத்திய முக்காடு, படகு மாதிரி வெள்ளை ஷூ. காலையில் ஓடைப் பாதையில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏன் ஓடுறே? யாரு துரத்துறா?"

இங்கே பக்கத்தில் நடந்த இரண்டு ஓட்டப் பந்தயங்களிலும் ஓடி முடித்தார். இரண்டுமே ஞாயிறு காலை. எனக்கு ஞாயிறுதான் பிரியாணி ஆர்டர் குவிகிற நாள். மகள் சமீராவுக்குப் பதினாறு வயது. ஞாயிறன்று காலை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆக, அம்மணி தனியாகப் போனார், தனியாக வந்தார். மெடலைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அங்க எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் வந்து நிக்கிறாங்க. பேரைச் சொல்லிக் கத்துறாங்க. ஒரு அம்மாவுக்கு அவங்க நாய் வந்திருந்துச்சு. அதுகூடக் கத்துச்சு."

"நீ என்ன பண்ணுனே?"

"ஒரு வாழைப்பழம் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டு காருக்கு வந்துட்டேன்."

டேகேரில் கூட வேலை பார்க்கும் மரியா இத்தாலிக்காரி. அவள் ஊர் கார்டா என்ற பெரிய ஏரியின் கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊர். வருடா வருடம் அங்கே ஒரு அரை மாரத்தான் நடக்கிறதாம். தண்ணீரை ஒட்டியே பாதை. போனில் படம் காட்டியிருக்கிறாள். வீட்டுக்காரம்மா அன்றைக்கே மயங்கிவிட்டார். பேரும் கொடுத்துவிட்டார். எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

"ஓடி முடிக்கிற எடத்துல நீங்க ரெண்டு பேரும் நிக்கணும். என் பேரைச் சொல்லிக் கத்தணும்."

சமீரா சரி என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

தலையை ஆட்டுவதில் எனக்குக் கஷ்டம் இல்லை. கத்துவதில்தான். அதுவும் பேரைச் சொல்லி! கல்யாணம் ஆனதிலிருந்து "இந்தா", "கேட்டுச்சா", "இங்க பாரு" — இந்த மூன்றை வைத்தே குடும்பம் நடத்தி வந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் அவர் பேரைச் சொன்னதாக நினைவே இல்லை.

அது பிறகு. பயணம் இதுதான்: நாலு நாள், ஒரு ஏரி, ஒரு ஓட்டம். ஊருக்குப் போவதைத் தவிர, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போகிற முதல் பயணம்.

இதைத்தான் சுந்தர் சாரிடம் வீட்டுக்காரம்மா விவரமாகச் சொன்னார். முழுவதையும் கேட்டுக்கொண்டு, அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஏரிக்கரையில என்ன இருக்கு, பாய்?"

"ஏரி இருக்கு சார்" என்றேன்.

அன்று மாலை நான் பேசிய உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

"ஃபர்ஸ்ட் டைம் போறீங்க. நாலு நாள் இருக்கு. ஒரே எடத்துல உக்காந்திருப்பீங்களா?" சுந்தர் சார் வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். "டே ஒன், ரோம் கவர் பண்ணிடறோம். டே டூ, மார்னிங் ஃப்ளோரன்ஸ், ஆஃப்டர்நூன் பைசா. பைசாவுக்கு அரை மணி நேரம் போதும். அந்தச் சாஞ்ச கோபுரத்தைக் கையால தாங்குற மாதிரி ஒரு போட்டோ. அவ்ளோதான்."

கவர் பண்ணுவது! நம் ஆட்கள் கண்டுபிடித்த விளையாட்டுகளிலேயே இதைவிட மட்டமானது இல்லை. ஒரு ஊரை எதற்குக் கவர் பண்ண வேண்டும்? யார் கேட்டார்கள்? திரும்பி வரும்போது விமான நிலையத்தில் உட்கார வைத்துப் பரீட்சை வைக்கிறார்களா? "பைசா பார்த்தாயா? இல்லையா? அப்படியானால் கிரீன் கார்டைக் கொடு" என்கிறார்களா?

ஆனால் ஒன்று. பைசா போகாமல் இத்தாலியிலிருந்து திரும்பியவரை நம் கூட்டத்தில் துக்கம் விசாரிக்கிற முகத்தோடுதான் பார்ப்பார்கள். "அடடா... அவ்ளோ தூரம் போயிட்டு..."

பிறகு படங்கள் வந்தன. கொலோசியத்தின் முன் சுந்தர் சார். நீரூற்றின் முன் சுந்தர் சார். சர்ச் வாசலில் சுந்தர் சார், கண்ணை மூடிக்கொண்டு.

"அங்கிள், கொலோசியம் எப்படி இருந்துச்சு?" என்று சமீரா கேட்டாள். அவள் தமிழில் கேட்பதே அபூர்வம். நல்ல பதில் கிடைத்திருக்கலாம்.

"பார்க்கிங் ரொம்பக் கஷ்டம்மா" என்றார்.

சாப்பாட்டு இலாகா அவர் மனைவி வித்யாவுடையது. "அக்கா, ரைஸ் குக்கர் கண்டிப்பா எடுத்துக்கோங்க. அங்க ஒண்ணும் கிடைக்காது. நாங்க ரோம்ல ஹோட்டல் ரூம்லயே ரசம் வெச்சுட்டோம். ஸ்மோக் அலாரம் அடிச்சு எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா ரசம் சூப்பர்!"

உலகமே இத்தாலிச் சாப்பாட்டுக்காக வரிசையில் நிற்கிறது. நாம் அங்கே போய், குளியலறைக்குப் பக்கத்தில் பிளக்கைச் செருகி, ரசம் வைக்கிறோம். கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தெருவில் நிற்கிறார்கள். நமக்கு மிளகு சரியாக இருந்ததா என்பதுதான் முக்கியம்.

இதற்குள் யாரோ என் மச்சினன் ஜாபருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவின் தம்பி. டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் இருக்கிறான்.

"மச்சான்! நாங்களும் வர்றோம்! பெரிய வேனா எடுங்க, நான் டிரைவ் பண்றேன்!"

"அப்ப நாங்களும்தான்" என்றார் சுந்தர் சார். "தனியாப் போனா போர் அடிக்கும் பாய்."

மூன்று பேர் பதினொரு பேர் ஆனோம். நான் இன்னொரு வாய் பாயசம் சாப்பிட்டேன்.

"அந்த ரேஸ் மட்டும்தான் நடுவுல இடிக்குது" என்றார் சுந்தர் சார், வரைபடத்தைப் பார்த்தபடி. எந்த ஓட்டத்துக்காகப் பயணமே கிளம்பியதோ, அது இப்போது சாலை நடுவில் நிற்கிற மாடு ஆகிவிட்டது.

"லாத்தா" என்றது போன். எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஓடுறதுக்கு இத்தாலி வரைக்கும் போகணுமா? இங்க வா, நம்ம வீட்டுக்குப் பின்னாடியே பார்க் இருக்கு. இல்லாட்டி அடுத்த வருஷம் ஓடு. ரேஸ் எங்க போயிடப் போகுது?"

"ரேஸ் போகாது ஜாபர். எனக்குத்தான் வயசு போகுது" என்றார் வீட்டுக்காரம்மா.

பிறகு சுந்தர் சாரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, டென்ஷனே ஆகாதீங்க. காலைல உங்கள ஸ்டார்ட்டிங் பாயின்ட்ல டிராப் பண்ணிடறோம். நீங்க பாட்டுக்கு ஓடுங்க. அந்த கேப்ல நாங்க எல்லாரும் வெனிஸ் கவர் பண்ணிட்டு, ஈவினிங் வந்து உங்கள பிக்கப் பண்ணிக்கறோம். மணிக்கணக்கா சும்மா நிக்கறது வேஸ்ட்தானே?"

"சூப்பர் ஐடியா!" என்று ரிச்சர்ட்சனிலிருந்து சத்தம் வந்தது. வித்யா கைதட்டினார்.

காலையில் கொண்டுபோய் விடுவது. மாலையில் வந்து கூட்டிக்கொள்வது. டேகேரில் வேலை பார்க்கிற பெண்ணையே டேகேர் பிள்ளை ஆக்கிவிட்டார்கள்.

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். பெரிய பேச்சு ஒன்றும் வேண்டியதில்லை. "இல்ல சார், நாங்க அங்கதான் நிப்போம்." அவ்வளவு போதும். வாய்வரை வந்தது. வாயில் முந்திரிப் பருப்பு இருந்தது.

காரில் ஏறினோம். 680 ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்திருப்போம்.

"அந்தப் பாயசத்துல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்றார் வீட்டுக்காரம்மா.

நான் சாலையைப் பார்த்தேன்.

"வாரா வாரம் பத்திரிகையில ஊரு உலகத்தையெல்லாம் கிழி கிழின்னு கிழிச்சு எழுதுறீங்க. நேர்ல ஒரு வார்த்தை வரலையே?"

"அவரு பெரிய மனுஷன்... சாப்பாடு போட்டு..."

"நான் எத்தனை வருஷமாப் போடுறேன்?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

"வேணாம்" என்றார், கொஞ்ச தூரம் போனதும். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. "நான் ஓடல. பேரை எடுத்துடச் சொல்லிடறேன். நீங்க எல்லாரும் நல்லபடியா கவர் பண்ணிட்டு வாங்க. தனியா ஓடறதுக்கு மில்பிடாஸ் போதும். வாழைப்பழம் இங்கயும் குடுக்கறாங்க."

பின்சீட்டில் சமீரா காதிலிருந்ததைக் கழற்றினாள். "வாப்பா, யூ நோ யூ கேன் ஜஸ்ட் சே நோ, ரைட்?"

இங்கே பிறந்த பிள்ளை. 'நோ' என்பது அவளுக்கு ஒரு வார்த்தை. நமக்கு அது பெரிய மரியாதைக் குறைவு. அதனால் என்ன செய்கிறோம்? அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறோம். நாம் ஆட்டிய தலைக்கு வீட்டில் இருக்கிறவர்கள் விலை கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் அடக்கமாம்! நன்றாக இருக்கிறது.

மறுநாள், ஆர்டரெல்லாம் போன பிறகு சுந்தர் சாருக்குப் போன் போட்டேன். துணிந்துதான் போட்டேன்.

"சொல்லுங்க பாய்!"

"சார்... நேத்துப் பாயசம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"தேங்க்ஸ் பாய்! வித்யாகிட்ட சொல்றேன்!"

வைத்துவிட்டேன். திரும்பினால் வாசற்படியில் வீட்டுக்காரம்மா. உள்ளே போய்விட்டார். ஓடுகிற ஷூ இரண்டும் செருப்பு அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிருந்தன.

திங்கட்கிழமை சமீராவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். மூன்றே மூன்று டிக்கெட். மிலானில் இறங்கி, நேராக அந்த ஏரி. ஓட்டம் முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதி.

"ஆர் யூ ஷ்யூர், வாப்பா? நான்-ரீஃபண்டபிள்."

கட்டிய பணம் திரும்ப வராது என்கிறாள். "போடு" என்றேன்.

போட்டாள். உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வீட்டுக்காரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுந்தர் சார்கிட்ட யாரு சொல்றது?"

"சொல்லிடறேன்."

"எப்படி? பாயசத்தைப் பத்தியா?"

எப்படி என்று எனக்குத் தெரியும். சுந்தர் சார் வாரம் தவறாமல் இந்தப் பத்தியைப் படிக்கிறவர். ஜாபர் படிப்பதில்லை. ஆனால் அவனைப் பற்றி வந்திருக்கிறது என்றால் யாராவது உடனே அனுப்பிவைப்பார்கள். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சார், நாங்கள் மூன்று பேர் மட்டும் போகிறோம். ரோம் இல்லை. பைசா இல்லை. வெனிஸ் அங்கேயிருந்து பக்கம்தானாம், இருந்தாலும் இல்லை. வேன் வேண்டாம், ஜாபர். ரைஸ் குக்கர் மில்பிடாஸிலேயே இருக்கட்டும். நீங்கள் வேஸ்ட் என்றீர்களே, மணிக்கணக்காகச் சும்மா நிற்பது... அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் சரி, அடுத்த விசேஷத்துக்குச் சாப்பாடு வழக்கம்போல வரும்.

அந்த ஏரிக்கரையில் என்ன இருக்கு என்று கேட்டீர்கள். அன்றைக்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். அங்கே சாலையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டை நோக்கி ஒருத்தர் மூச்சு வாங்க ஓடி வருவார். அவருக்காக இரண்டு பேர் நிற்பார்கள். வேறு ஒன்றும் இல்லை. போட்டோ எடுக்கிற மாதிரி எதுவும் சாய்ந்து நிற்காது.

ஷூ இரண்டும் அலமாரியின் மேல்தட்டுக்கு வந்துவிட்டன. இனி பாக்கி, கத்துகிற வேலைதான். சமையல் கூடத்துக் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை முயற்சி செய்தேன். கொத்தமல்லிக் கட்டுகளைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் காற்றுதான் வந்தது.

எனக்கு எழுத்தில்தான் வாய் திறக்கும். இத்தனை வருடமாக இந்தப் பத்தியிலும் வெறும் 'வீட்டுக்காரம்மா'தான். எனவே முதல் பயிற்சி இங்கே, உங்கள் எல்லார் முன்னிலையிலும்:

ரஹ்மத்து! இந்தா வந்துட்டே... ஓடு!