சனிக்கிழமை மட்டும் விழுந்த சர்வர்

2002 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை, மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். ஆடிக்காற்று ஜன்னல் வழியே புழுதியைக் கொட்டிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் நான் கணக்கெழுதிய தீப்பெட்டி ஆபீசில் சர்வர் மூன்றாவது சனிக்கிழமையாக விழுந்தது.

வாரமெல்லாம் அது ஒழுங்காகத்தான் ஓடும். எண்பத்தாறு பெண்கள் தினமும் எத்தனை கட்டைச் சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள் என்பதை வாங்கி வைத்துக்கொள்ளும். சனிக்கிழமை வாரக் கூலியைக் கூட்டச் சொன்னால்தான் டேட்டாபேஸ் செத்துப்போகும். கிளப்பினால் எழும், கூட்டச் சொன்னால் மறுபடி சாகும்.

எங்கள் முதலாளி விளக்கு வைத்தபின் கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் வெளியே விடமாட்டார். அதற்குள் வாங்காதவர்களுக்குத் திங்கட்கிழமைதான். ஞாயிறு அவர்கள் வீட்டில் என்ன வேகும் என்பது அவர் கவலையில்லை.

புரோகிராம் போட்டவன் என் மனைவியின் அண்ணன் மகன். முதல் சனி வோல்டேஜ் என்றான், ஸ்டெபிலைசர் வாங்கினோம். இரண்டாவது சனி தூசி என்றான், மெமரியை மாற்றினோம். முதலாளி தன் பங்குக்கு சர்வர் பெட்டியில் சந்தனம் பூசினார். எதனால் விழுகிறது என்று சர்வரே எழுதிவைத்த பதிவை அந்தப் பையன் திறந்து பார்த்தது மூன்றாவது சனிக்கிழமைதான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"புரோகிராம மெஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர்ல ஒரு செட்டிங் மாமா. என் வீட்டு மெஷின் புதுசு. வேகமா ஓடட்டும்னு அதோட ப்ராசஸருக்குன்னே கம்பைல் பண்ணிக் கொண்டாந்தேன். இங்கன இருக்கது பழசு. கூட்டும்போது வர்ற ஒரு கட்டளை இதுக்குத் தெரியல."

"வேகம் யாருல கேட்டா?"

"யாரும் கேக்கல. சும்மா கிடக்கட்டுமேன்னு போட்டேன்."

செட்டிங்கை மாற்றித் திரும்பக் கம்பைல் செய்ய இரண்டு மணி நேரமாகும் என்றான். நான் கையால் கூட்ட ஆரம்பித்தேன். வரிசையில் நின்ற ஒருத்தி, "பொட்டிக்கு சந்தனம் பத்தாது அண்ணாச்சி, கெடா வெட்டணும்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

ஐம்பத்தைந்து பேருக்குக் கொடுத்து முடித்தபோது முதலாளி விளக்கை ஏற்றிக் கல்லாவைப் பூட்டினார். சர்வர் ஓடத் தொடங்கி, மிச்சமிருந்த முப்பத்தோரு பேரின் கூலியையும் பிசகில்லாமல் காட்டியது. அவர்கள் வாசலை விட்டு நகரவில்லை. அன்று காலையில் எடுத்த சீட்டுப் பணம் என் பையில் இருந்தது. அதை எண்ணிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் அந்தப் பணத்தைக் கேட்டேன்.

"விளக்கு வச்ச பொறவு கொடுத்தது என் கூலி இல்ல ஓய். அது உம்ம தர்மம். கூலிய வாங்கிட்டோம்னு அவளுகளே சொல்லுதாளுக, பொறவு நான் எதுக்கு ரெண்டாந்தடவ கொடுக்கணும்?"

பக்கத்தில் நின்ற மச்சான் மகன் கீபோர்டிலிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தான்.

ரூபாய் ஆறாயிரத்து நானூற்று எண்பத்திரண்டு.