உப்பில் ஊறிய மூங்கில்

பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்காகவும் இதை எழுதி வைக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழல் செய்வதை ஏன் விட்டீர்கள் என்று பெரியவள் போன மாதம் கேட்டாள். கை வரவில்லை என்று சொன்னேன். அது பொய்.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் நடந்தது இது. அப்போது உப்பளத்தில் பாத்தி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தை பிறந்ததிலிருந்து மழை இறங்கும் வரைக்கும் உப்பு வாருகிற வேலை. வெடித்த காலில் உப்புத் தண்ணீர் ஏறி ஏறி, புண் ஆறுவதே கிடையாது. மிச்ச நேரத்தில் குழல் செய்வேன். மாதா கோயில் பாடகர் குழுவில் ஊத எனக்கு நானே ஒன்று செய்துகொண்டேன். அதைப் பார்த்து அனுமந்தை ஊரிலிருந்துகூட ஆட்கள் கேட்டு வந்தார்கள். அப்படிப் போன ஒரு குழல் புதுச்சேரியில் ஒரு வித்வான் கையில் கிடைத்திருக்கிறது. அவரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இருந்த குழல்களை எல்லாம் எடுத்து ஊதிப் பார்த்தார்.

"நாதம் நல்லா இருக்குதுங்க. மார்கழியில எனக்கு மெட்ராஸ்ல மூணு கச்சேரி இருக்குது. அஞ்சு கட்டை சுருதியில ஆறு குழல் பண்ணித் தாங்க. மேடையில இதத்தான் வாசிப்பேன். கேக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் குழல் வாசிக்கிறவங்க. ஒரு தடவ காதுல விழுந்துட்டா உங்க வீட்டத் தேடி வருவாங்க."

அவர் போனதும் நான் மனசுக்குள் உப்பளத்தை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு பயம் இருந்தது. அதற்கு முந்தைய தடவை செய்ததில் பாதியை வண்டு தின்றுவிட்டது. குழலைத் தட்டினால் மாவு கொட்டும். மூங்கிலை ஒரு வருஷம் நிழலில் போட்டுவைத்தால் நல்லது என்பார்கள். என்னிடம் ஒரு வருஷம் ஏது? உப்புப் போட்டால் மீன் கெடுவதில்லை, மூங்கில் மட்டும் கெடுமா என்று யோசித்தேன். சித்திரையில் பாத்தித் தண்ணீர் எண்ணெய் மாதிரி கனத்துப் போயிருக்கும். ஓர் ஓரத்துப் பாத்தியில் மூங்கிலை எல்லாம் இருபது நாள் ஊறப் போட்டேன்.

உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "ஏங்க, மூங்கில்ல கருவாடு போடுறீங்களா? வாசிக்கிறவரு வாயில நெத்திலி வாசம் வரப் போவுது" என்றாள்.

உப்பள மேஸ்திரியும் விடவில்லை. "ஏம்பா, கொழம்பு எப்ப வைக்கிற? சொல்லிவுடு, வர்றேன்" என்றார். பிறகு, "அடுத்த தைக்கு வேலைக்கு வருவ இல்ல?" என்று கேட்டார்.

"வரமாட்டேங்க. வேற ஆள் பாத்துக்கோங்க" என்றேன். சொல்லும்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

மூங்கில் அக்கினி வெயிலில் காய்ந்து இரும்பு மாதிரி ஆனது. ஒரு வண்டுகூட அண்டவில்லை. ஆவணியில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டேன். சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளையையும் மயிரிழை மயிரிழையாக விரித்தேன். புரட்டாசியில் ஆறையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, "எனக்கு இந்த மாதிரி அமைஞ்சதே இல்லங்க" என்றார். தன் பழைய குழல்களை அங்கேயே மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றேன். வேண்டாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை விடவே இல்லை. உப்பு மேடுகளுக்குக் கீற்று வேய்ந்து மூடியும் கசிந்து ஓடியது. அடுப்படியில் ஜாடி உப்பும் தண்ணீராகிக் கிடந்தது. இரண்டையும் பார்த்தேன். குழல் ஞாபகம் வரவே இல்லை. பதினைந்து வருஷம் உப்பிலேயே நின்றவனுக்கு வராதது வேறு யாருக்கு வரும்?

முதல் கச்சேரிக்கு உங்கள் அம்மாவையும் பெரியவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன சபா, மேலே மின்விசிறிகள், வெளியே மழை. வித்வான் மேடையில் உட்கார்ந்து குழலை எடுத்ததும் பெரியவள் என் காதில், "அப்பா, இது நீ பண்ணதா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காற்றுதான் வந்தது, நாதம் வரவில்லை. குழலைத் துடைத்தார். உதட்டைத் துடைத்தார். வேறு குழல் எடுத்தார். அதிலும் தொண்டை கட்டினவன் பாடுகிற மாதிரி சத்தம். ஆறும் ஒரே பாத்தியில் ஊறியவைதானே. வயலின்காரர் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்கு முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ராகத்தைப் பாதியில் சுருக்கி, மங்களம் வாசித்து முடித்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை.

"பத்து நாளாவே சத்தம் கம்மிச்சுதுங்க. மழைக்கு எல்லாக் குழலும் இப்பிடித்தான்னு நெனச்சேன். இன்னிக்கி வாயில உப்பு கரிக்குது" என்றார். ஒரு குழலை என்னிடம் நீட்டினார். ஊறியிருந்த உப்பு மழை ஈரத்தை இழுத்து, வெளித்தோல் வேர்த்து வழுக்கியது. "எதுலயாவது ஊறப் போட்டீங்களா?"

சொன்னேன். வண்டுக்குப் பயந்துதான் என்றும் சொன்னேன். அவர் மற்ற குழல்களைத் துணியில் சுற்றி வைத்தார். "மத்த ரெண்டு கச்சேரிக்கு எங்கயாவது எரவல் வாங்கிக்கிறேன். மழையா இருக்குது, கொழந்தைய கூட்டிட்டுப் பாத்துப் போங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்று தோன்றுகிறது.

தை பிறந்ததும் மேஸ்திரியிடம் போய் நின்றேன். கேலி பேசுவார் என்று நினைத்தேன். உப்பு வாருகிற பலகையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

நீங்கள் இரண்டு பேரும் அறியாதது இதற்குப் பிறகுதான். மாசி மாதம் வித்வான் ஓர் ஆள் மூலமாக நல்ல நீளக் கணு மூங்கில் பத்து அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "நிழலில் மட்டும் காய வையுங்கள். அவசரம் இல்லை. அடுத்த மார்கழிக்குப் போதும்."

நாலு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் கம்பியை வைப்பேன், சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுவேன். காயாத மூங்கிலில் துளை போட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கை அதைத் தொடுமா என்று பார்த்தேன். தொடவில்லை.

"அவரே குடுக்குறாரு, ஒனக்கு என்னய்யா?" என்று உங்கள் அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினாள்.

ஐந்தாம் நாள் மூங்கிலைக் கட்டி எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவர் குரல் கேட்டது. கூப்பிட்டால் வெளியே வந்திருப்பார். பத்து மூங்கிலையும் வாசல் கேட்டில் சாத்திவிட்டு வந்து பஸ் ஏறிவிட்டேன்.