இஸ்மத்தின் இடது கண்

ஈஸ்வரமூர்த்தி பார்த்த வெளிநாடு ஒன்றுதான், பங்களாதேஷ். அதிலும் நாராயண்கஞ்சில் ஒரு நூல் மில். கோவையில் செய்த நூற்பு இயந்திரங்கள் அங்கே போய் இறங்கினால், அவற்றைப் பூட்டி ஓட்டிக் கொடுக்க இவர் போவார். இருபத்தோரு வருஷத்தில் பதினெட்டு தடவை. சிங்காநல்லூரில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். அந்த மில்லைப் பார்க்காமலே எனக்கு அதன் வாசல் தெரியும்.

அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி இஸ்மத். ஈஸ்வரமூர்த்திக்கு வங்காள மொழி நாக்கில் நிற்கவில்லை. இஸ்மத்தான் தமிழ் கற்றுக்கொண்டார். கொங்குத் தமிழ் ஆனதால் மெஷினுக்கும் மரியாதை உண்டு. “மூர்த்தி பாய், மூணாம் நம்பரு நின்னுபோட்டாருங்க.”

இஸ்மத்துக்குச் சர்க்கரை. வலது கண் அங்கே நடந்த ஆபரேஷனில் போய்விட்டது. இடது கண்ணைக் கோயமுத்தூர் டாக்டரைத் தவிர யாரையும் தொடவிடமாட்டேன் என்றார். ஒருமுறை வந்து ஈஸ்வரமூர்த்தி வீட்டில் தங்கிக் காட்டிவிட்டும் போனார். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளினால் பார்வை தேறாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதற்குள் அங்கே ஆட்சி மாறியது. இரண்டு தேசங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அங்கே இந்திய விசா கொடுக்கும் இடத்தை மூடினார்கள். திறந்தபோது ஒரு நாளைக்குச் சிலருக்குத்தான் என்றார்கள்.

“மாமன் மச்சான் சண்டையாட்டத்தான். ஒரு நல்லது கெட்டது வந்தாப் பேசிக்குவாங்க” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“ஏனுங்க, எங்கண்ணங்கூட நீங்க பேசி ஒம்பது வருசமாச்சுங்களே” என்றார் அவர் மனைவி மாரியாத்தாள்.

இஸ்மத்தின் மகள் இல்மா அங்கிருந்து தினமும் விண்ணப்பிக்க முயன்றாள். விசாவுக்குக் கேட்கும் ஆஸ்பத்திரிக் கடிதத்தை நான் ஸ்கேன் செய்து அனுப்புவேன். கடிதத்துக்கு ஒரு மாதம்தான் ஆயுள். முடிந்ததும் ஈஸ்வரமூர்த்தி மறுபடி போய் வரிசையில் நிற்பார்.

நாலாம் மாதம் ஒரு நாள் போனை மாரியாத்தாள் எடுத்தார். இஸ்மத் என்னென்னவோ பேசிவிட்டு, “சரிங்க அம்மணி, வாரேனுங்க” என்று வைத்தாராம். அவ்வளவுதான். முன் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு வந்தது. ஈஸ்வரமூர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி, கெஞ்சி, செவ்வாய்க்கிழமைக்குத் தேதி வாங்கினார். அப்புறம் இல்மாவைக் கூப்பிட்டு எந்த விமானம் என்று கேட்டார்.

“விமானமா? விசாவே வரலையே, அங்கிள்” என்றாள் அவள் ஆங்கிலத்தில். நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் மனைவியைத் திட்டவில்லை. “நாந்தான் சொல்லிக்குடுத்தேன், கண்ணு. கெளம்பறப்போ போறேன்னு சொல்லப்படாது, வாரேன்னுதான் சொல்லோணும்னு. மொத ட்ரிப்புலயே சொன்னேன்” என்றார் என்னிடம்.

செவ்வாய்க்கிழமை காலை, தேதியை ரத்துச் செய்ய அவரே நேரில் போனார். போனில் சொன்னால் போதும் என்றேன். கேட்கவில்லை. திரும்பி வந்து, “அந்த நேரத்துக்கு வேற ஆளை உள்ள கூப்புட்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

இல்மாவுக்கு ஒருவழியாக விசா நேர்காணலுக்கு நாள் கிடைத்தபோது ஏழு மாதம் தாண்டியிருந்தது. நேர்காணலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அங்கே எடுத்த புதுப் படங்களை இங்கத்து டாக்டருக்கு அனுப்பினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இனி அலைய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

அதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரமூர்த்தி வீடியோவில் கூப்பிட்டார். திரையில் இஸ்மத்தின் முகம் எங்களைப் பார்க்காமல் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. இல்மா அதை நேராக்கினாள். மறுபடி திரும்பிக்கொண்டது. ஈஸ்வரமூர்த்தி டாக்டர் பேச்சையே எடுக்கவில்லை. மெஷின்களைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார். முடிக்கும்போது எப்போதும்போலக் கையை ஆட்டினார். ஆட்டிய கை பாதியில் நின்றது.

“இஸ்மத், கை ஆட்டறேனுங்க” என்றார்.