பாதியில் நின்ற படுதா

அப்பா பாளையம்பட்டியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றார். முன்னால் கடை, பின்னால் ஒற்றை அறையில் வீடு. மேற்குப் பார்த்த கடை. மத்தியானம் தாண்டினால் வெயில் உள்ளே மூட்டைகள் வரைக்கும் வந்துவிடும். அதனால் மதுரையிலிருந்து ஒரு சுருட்டுப் படுதா வாங்கி வந்து வாசலுக்கு மேல் மாட்டினார். நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணி. நீளமான கம்பிக் கைப்பிடியைச் சுற்றினால் தெருப்பக்கம் விரியும், திருப்பிச் சுற்றினால் சுருண்டுகொள்ளும். எங்கள் தெருவில் அதுதான் முதல்.

ஆனால் அப்பா அதைப் பாதிக்கு மேல் விரித்ததே இல்லை. "முழுசா விட்டா காத்து கிழிச்சிரும்" என்பார். நாங்கள் யாரும் கைப்பிடியைத் தொடவும் கூடாது.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் பாதிதான். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் "பொண்ணு வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தன. இதுவும் தட்டிப்போனால் அப்பா ஒடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். "கூப்பிடுற வரைக்கும் வெளிய வராத. கேட்டா ஒரு வார்த்தையாவது பேசு" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்குள் இடமில்லை. மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, படுதாவுக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தோம். பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தெருவோரமாகக் கடைசி நாற்காலி. மழை, பருத்தி, யார் யாருக்குச் சொந்தம் என்று பேச்சு நீண்டது. வெயில் அவர் முழங்காலில் ஏறி, நெஞ்சுக்கு வந்து, முகத்துக்கே வந்துவிட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோர் பேச்சுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் தள்ளிப் போடக் கூச்சம். நம்மைப் போலத்தான் என்று கதவிடுக்கில் நின்று நினைத்துக்கொண்டேன்.

யாராவது கவனிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. நானே வெளியே போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். அது கிறீச்சிட்டது. பேச்சு அப்படியே நின்றது. எனக்கு இடையில் நிறுத்தவும் தோன்றாமல் முழுசையும் விரித்துவிட்டேன். வெளுத்த துணி தெருப்பக்கம் நகர, சுவரோரம் அதுவரை நாங்கள் பார்த்திராத பளீர் நீலம் வெளியே வந்தது. அப்பா என்னையும் படுதாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, நாங்க இன்னும் பேசியே முடிக்கல. அதுக்குள்ள எங்க பிள்ளைய வெயில் படாம பாத்துக்க ஆரம்பிச்சுட்டியா?"

நான் உள்ளே ஓடிவிட்டேன். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே, நீ சொல்லு. பிடிச்சிருக்கா, இல்லையா?" என்று அத்தை கேட்பது காதில் விழுந்தது.

பிறகு மாப்பிள்ளையின் குரல்: "நெழலு நல்லாருக்கு அத்தை."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் எழுந்து, "காத்து வருது, கொஞ்சம் சுருட்டிக்கிறேன்" என்று கைப்பிடிக்குப் போனார்.

"அது கெடக்கட்டும். வந்து உக்காருங்க சம்பந்தி" என்றார் அத்தை.

இப்போது அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு படுதா இருக்கிறது. மகள் வாங்கிப் போட்டது, பொத்தானை அமுக்கினால் போதும். சாயங்காலம் அதன் கீழே உட்கார்ந்து அவர் பேப்பர் படிப்பார். ரிமோட் மடியிலேயே கிடக்கும். முகத்தில் வெயில் விழுந்தாலும் அமுக்க மாட்டார்.

"கையில தான இருக்கு, அமுக்குனா என்ன?" என்று கேட்பேன்.

"நீ வருவேல்ல" என்பார்.

முழுசாக விரித்து விரித்து அந்தத் துணி இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒரே சீராக வெளுத்திருக்கிறது.