எண்பத்தைந்து டிகிரி ஆலோசனை அறை

கட்சிக்காரரின் கையைக் குலுக்குவதற்கு முன்னால் விர்ப்பி அவருடைய ஜன்னலடியில் இருக்கும் ஹீட்டரைத் தொட்டுப் பார்ப்பார். புறங்கையால்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அது கொதித்தால் முகம் சுண்டிவிடும். "இது யாருக்காக எரியுது? அந்தக் காலி நாற்காலிக்கா?" என்று கேட்ட பிறகுதான் கோட்டைக் கழற்றுவார். கட்சிக்காரர் அப்போதே பாதி அடங்கிப் போயிருப்பார்.

ஃபின்லாந்தின் லாஹ்டி நகரில் எங்கள் அலுவலகத்தின் மூத்த வக்கீல் விர்ப்பி பொய்ஹோனன். கொலை, விவாகரத்து, பாகப்பிரிவினை எதையும் தொடமாட்டார். தொழிற்சாலைகளும் கடைகளும் மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது, கரிவாயுவை எவ்வளவு குறைத்தால் சட்டம் விடும், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், எதில் போட்டால் கம்பி எண்ண வேண்டியிருக்கும் என்று சொல்வதுதான் அவருடைய பிழைப்பு. நான் பக்கத்து மேஜையில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டதும் திருச்சியிலிருக்கும் என் அக்கா, "வக்கீலுக்குன்னே வெச்ச பேருடி" என்று போனிலேயே சிரித்தாள். அக்காவுக்கு என்ன தெரியும். இந்த அம்மாள் ஒரு வரி பொய் எழுதமாட்டார். எங்கள் தலைவலியெல்லாம் அதில்தான் தொடங்கும்.

யாராவது "பசுமை" என்று வாயெடுத்தால், "நிறத்தைச் சொல்லாதீங்க, சட்டப் பிரிவைச் சொல்லுங்க" என்பார். காட்டை விற்றுத் தின்ற பிறகும் அதன் மரங்கள் உறிஞ்சும் கரிவாயுவைத் தன் கணக்கில் காட்டிய மீன் வியாபாரியிடம், "வித்துட்டுப் போன மாட்டை எத்தனை நாளைக்குக் கறப்பீங்க?" என்று கேட்டார். ஒரு கிடங்கில் பூனைக்குச் சூடுபண்ணிய பெட்டி வைத்திருந்தார்கள். அந்த மின்சாரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது? பூனை எலி பிடிப்பதால் உற்பத்திக் கருவி என்று எழுதினார். அது எலியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் அந்த வரியை அடித்துவிட்டுப் பணியாளர் வசதி என்று திருத்தினார். இதைச் சிரிக்காமல் செய்வார் என்பதுதான் விசேஷம்.

மதியம் கம்பு நிறத்து ரை ரொட்டித் துண்டும் வெள்ளரிக்காயும். நின்றபடியே தின்பார். காபி மட்டும் கணக்கு வழக்கில்லாமல் இறங்கும். அதை எந்தச் சட்டத்திலும் அவர் தேடிப் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் காலெர்வோவின் கதவுத் தொழிற்சாலை விவகாரம் வந்தது. அவர் செய்யும் கதவுகளை ஸ்வீடனில் வீடு கட்டுகிற ஒரு கம்பெனி மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு கதவுக்கும் எவ்வளவு கரிவாயு வெளியானது என்று சான்றிதழ் கேட்டார்கள். அந்த எண் கூடினால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் இரண்டாவது ஷிப்டை மூட வேண்டியதுதான். இந்த நாட்டில் எங்கும் உள்ளது போலத் தொழிற்சாலையில் ஒரு சவுனாவும் உண்டு, அடுப்பில் கல்லைச் சூடாக்கி வியர்க்க உட்காரும் மர அறை. அதை உற்பத்திப் பகுதியில் சேர்த்தால் அந்தச் சூடு முழுவதும் கதவுகளின் தலையில் ஏறும். விர்ப்பி யோசித்து, அதை "ஆலோசனை அறை" என்று எழுதினார். பொய்யில்லை. அங்கே சம்பளப் பேச்சுவார்த்தை எதுவும் அந்த மரப்படிகளில் வியர்க்காமல் முடிந்ததே கிடையாது. குளியலறை என்று போட்டிருக்கலாமே என்று நான் கேட்டேன். "குளிக்க ஷவர் இருக்கு. இங்க யாரு குளிக்க வர்றா?" என்றார். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. சான்றிதழ் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட அரசு அதிகாரிக்கும் படவில்லை. ஃபின்லாந்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது.

ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் ஆலோசனை அறையில் எண்பத்தைந்து டிகிரி பதிவாகியிருக்கிறது, கருவி பழுதா, தீ விபத்தா என்று கேட்டிருந்தார்கள். விர்ப்பி ஒரே வரியில் பதில் போட்டார்: இரண்டும் இல்லை, கூட்டம் நடந்தது.

அப்புறம்தான் சான்றிதழ் நிபந்தனைகளின் அடுத்த பக்கத்தை எல்லோரும் படித்தோம். கூட்டம் நடக்கும் நேரத்தில் ஆலோசனை அறையை இருபத்தொரு டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. மீறினால் சான்றிதழ் கிடையாது.

"வக்கீலம்மா, நல்லா மாட்டி விட்டீங்களே," என்று காலெர்வோ ஓடிவந்தார். "இருபத்தொண்ணுல சவுனாவா? அதுல பாலாடைக்கட்டி வேணா வெச்சுக்கலாம்."

கூடவே வந்த தொழிற்சங்கத் தலைவி ராய்லி உட்காரக்கூட இல்லை. "சவுனாவை மூடினீங்கன்னா ரெண்டு ஷிப்டும் பனியில வந்து நிக்கும். கதவை நீங்களே செஞ்சுக்குங்க."

"இடத்தை அவங்க வந்து பாக்கட்டும்," என்றார் விர்ப்பி. "ஆலோசனை அறைன்னு எழுதியிருக்கோம். அங்கேயே பேசுவோம்."

ஹெல்சிங்கியிலிருந்து ஆய்வாளர் சென்யா வந்தாள். அன்று சவுனாவில் பெண்கள் முறை. ஆகவே விர்ப்பி, ராய்லி, சென்யா, குறிப்பெடுக்க நான், நால்வரும் துண்டோடு படிகளில் ஏறி உட்கார்ந்தோம். காலெர்வோ கதவுக்கு வெளியே நின்று இருமிக்கொண்டிருந்தார். சென்யா கொண்டுவந்த வெப்பமானியில் ஐம்பதுக்கு மேல் கோடே இல்லை. என் காகிதம் வாழையிலை வாட்டியது போல் துவண்டது.

"எண்பது இருக்கும்னு வெச்சுக்கலாம்," என்றாள் சென்யா. "மன்னிச்சுக்குங்க, விர்ப்பி. அறை சூடாக்கல், எண்பது டிகிரின்னு எழுதித்தான் ஆகணும்."

விர்ப்பி ஒரு அகப்பைத் தண்ணீரை அடுப்புக் கல்லின் மேல் ஊற்றினார். புஸ்ஸென்று நீராவி எழுந்து எங்கள் முதுகைத் தழுவியது. அதற்கு இங்கே லொய்லு என்று பெயர். பழைய ஃபின்னிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்கு உயிர் என்று பொருள். தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை, நமக்கும் ஆவி என்றால் இரண்டும்தான்.

"இது என்ன?" என்றார் விர்ப்பி.

"ஆவி."

"இதைச் சூடாக்கல்னு எழுதுவியா?"

சென்யாவின் பேனா நின்றுவிட்டது. அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே. உயிரைச் சூடாக்கல் என்று எழுதிவிட்டுத் தன் ஊரில் தன் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை அவள் நெற்றியில் அப்படியே தெரிந்தது. "அப்படி எழுத முடியாது," என்றாள் மெல்ல. ராய்லி தொடையில் தட்டிக்கொண்டாள். கதவுக்கு வெளியே இருமலும் நின்றது.

ஆனால் அரசாங்கம் சும்மா சம்பளம் கொடுக்கவில்லை. சென்யா மூலையைக் காட்டினாள். "ஆவி சரி. அந்த மின்சார அடுப்பு? நாம பேசிட்டிருக்கும்போதே எரியுதே. அதுக்கு என்ன பேரு?"

விர்ப்பி அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொல் தேடி நான் பார்த்தது அன்றுதான். பாதித் தொழிற்சாலையின் சோறு அந்த ஒரு சொல்லில் தொங்கியது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ராய்லி, இந்தக் கல்லு எவ்வளவு நேரம் சூட்டைத் தாங்கும்?" என்று கேட்டார் கடைசியில்.

"யாருக்குத் தெரியும்? ஆளு உள்ள இருக்கும்போது அடுப்பை எவனும் அணைச்சதில்ல. அணைச்சா பெரிய பாவம் இல்லையா?"

விர்ப்பி எழுந்தார். வியர்வை சொட்டச் சொட்டப் படியிறங்கி அடுப்பருகே குனிந்து, குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். கம்பிகளின் சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்தது. ராய்லி வாயில் கைவைத்தாள்.

"இப்ப கூட்டம் நடக்குது," என்றார் விர்ப்பி. "சூடாக்கறது யாரு?"

சென்யா அடுப்பைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், துவண்ட காகிதத்தை முழங்காலில் விரித்தாள். "சூடாக்கல்: இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மை பரவியது, ஆனால் படிக்க முடிந்தது.

விர்ப்பி ஜெயித்ததற்கான சாயல் எதுவும் காட்டவில்லை. இனி ஒவ்வொரு கூட்டத்திலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று ராய்லியிடம் விரலை மட்டும் ஆட்டினார். பிறகு மேல் படிக்கு ஏறி, தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்து, அந்தச் சூடான பலகையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி, சென்யாவுக்கு இடம் காட்டினார்.